நெட்டையன் எழுந்து வரவில்லை

மழைப் பருவம், பதினோராம் நாள். நேற்று மாலை பித்தளை வில்லைகளைக் கொடுத்ததில் ஒரு தவறு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரருடைய வில்லை கைமாறி நெட்டையனிடம் போய்விட்டது. மிச்சமிருந்த நெட்டையனுடையதை அவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன். இன்று சரிசெய்துவிடலாம்.

பணிக்குறிப்பில் இதை எழுதி, மை உலர ஊதிவிட்டு, பொழுது சாயும் முன் கல்லறைக்காரி சாமான் அறையைத் திறந்தாள். கல்லறைக்காரி என்பது ஊரார் வைத்த பெயர். தீப்பறவைப் போரில் கணவன் செத்து இங்கே புதைக்கப்பட்டபோது, யாரும் வர மாட்டேன் என்ற இந்த வேலைக்குத் தானாக வந்து சேர்ந்தவள் அவள். கூடவே கணவனின் தம்பியும் வந்தான்.

இங்கே புதைபட்ட சிப்பாய்கள் பொழுது சாய்ந்ததும் எழுந்து வருவார்கள். யாரையும் பயமுறுத்தும் தெம்பு அவர்களுக்கு இல்லை. வேலை விட்டு வரும் ஆட்களைப் போல வரிசையாக வந்து, ஈட்டியையும் தலைக்கவசத்தையும் சன்னலில் ஒப்படைப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பித்தளை வில்லை வைக்க வேண்டும். எந்தக் குழி என்று அதில் பொறித்திருக்கும். சொந்தப் பெயரே நினைவில்லாதவர்கள், வில்லை காட்டிய குழியில் போய்ப் படுப்பார்கள். ஆனால் தூங்க மாட்டார்கள். விடிய விடியவும், விடிந்த பிறகும் கல்லுக்கடியில் புரளும் சத்தம் கேட்கும். மறுநாள் உச்சிக்குள் அலமாரியிலிருந்து ஈட்டிகள் தாமாக மறைந்துவிடும்; அவற்றின் இடத்தில் வில்லைகள் திரும்பி வந்திருக்கும். மாலையில் அவற்றைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்து நிற்பார்கள். செக்குமாட்டுப் பிழைப்பு, அவர்களுக்கும் அவளுக்கும்.

இன்று அலமாரியில் ஓர் ஈட்டி அப்படியே சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் விட நீளமானது. நெட்டையனுடையது.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றாள்.

கொழுந்தன் ஈட்டியைப் பார்த்தான். வெளியே போய், நேற்று நெட்டையன் படுத்த, அண்ணனின் பெயர் பொறித்த கல்லில் காதை வைத்துக் கேட்டான். முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

"சத்தமே இல்ல அண்ணி. இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒருத்தன் லீவு போட்டிருக்கான்."

"தூங்குறானா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி. குறட்டை ஒண்ணுதான் பாக்கி."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். புதைத்தவர்கள் கொட்டும் மழையில், அவசரத்தில் புதைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். கற்கள் பிறகுதான் வந்தன. யார் எலும்பு எங்கே என்று எவரும் தோண்டிப் பார்க்கவில்லை.

"தன் எலும்பு மேல படுத்தாத்தான் தூக்கம் வரும் போலிருக்கு" என்றான் கொழுந்தன். "அண்ணன் கல்லுக்குக் கீழ கிடந்தது நெட்டையன்."

அந்தக் கல்லின் பாசியை அவள் நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறாள். அதில் முகம் வைத்து அழுதும் இருக்கிறாள்.

"யாரு வீட்டு வாசலையோ பெருக்கியிருக்கேன்" என்றாள்.

"நெட்டையன் கோவிச்சுக்க மாட்டான், விடுங்க. அண்ணன் வேற ஏதோ குழியில இருக்காரு. தினம் ஒரு குழியில படுக்க வச்சுப் பாத்தா என்னைக்காவது கெடைச்சிடும்."

"கெடைச்சா?"

"தூங்குவாரு."

"அப்புறம்?"

கொழுந்தன் விளக்குத் திரியைக் கிள்ளினான். "அப்புறம் வர மாட்டாரு, அண்ணி."

தினமும் கணவனின் வில்லையை அவள் சன்னல் விளிம்பில் தனியாக எடுத்து வைப்பாள். மற்றவர்கள் போன பிறகு கடைசியாக அவன் நிற்பான். கூரை ஒழுகியது, விறகு ஈரமானது என்று நாலு வார்த்தை சொல்வாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியாது. ஆனாலும் சன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, தலை சாய்த்து, அவள் முடிக்கும்வரை நிற்பான். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அவள் இந்த வேலையில் இருந்தாள்.

"இன்னைக்கு எப்பவும் போலக் குடுத்துடறேன். நாளைக்குப் பாக்கலாம்."

"உங்க நாளைக்கு எனக்குத் தெரியாதா? கூரை ஓட்டையைக்கூட நாளைக்குத்தான் அடைக்கிறீங்க."

"வாயை மூடிக்கிட்டு ஈட்டியை வாங்கி அடுக்கு."

வரிசை வந்துவிட்டது. முகம் பார்த்து வில்லைகளைக் கொடுத்தாள். அவரவர் தள்ளாடியபடி அவரவர் கல்லை நோக்கிப் போனார்கள். அவரவர் கல்லா? அந்தச் சந்தேகம் வந்த பிறகு ஒவ்வொரு வில்லையும் கையில் கனத்தது. கணவனுடையது நெட்டையனோடு குழிக்குள் இருந்ததால், கடைசியில் நெட்டையனின் வில்லை ஒன்றுதான் மிஞ்சியது.

கணவன் வந்தான். ஈட்டியைச் சன்னலுக்குத் தூக்க இரண்டு முறை முயன்றான், முடியவில்லை. கொழுந்தன் வெளியே போய் வாங்கிக்கொண்டான். கணவன் வழக்கம்போல முழங்கையை ஊன்றித் தலை சாய்த்தான்.

"நேத்து மழையில" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

அவன் அப்படியே நின்றான். பேச்சுக்காகக் காத்திருப்பவன் போல அவன் நிமிரவில்லை. கண் செருகியிருந்தது. தன் பேச்சைக் கேட்கத்தான் நிற்கிறான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். அவன் சாய்ந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். நிற்க முடியாதவனுக்கு ஒரு கட்டை கிடைத்திருந்தது.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

கொடுப்பதற்கு வேறு வில்லை இல்லை. தன் பிடிவாதத்தால் அவனுக்கு இன்னும் ஓர் இரவு வீணாகிறது என்பது உறைத்தது.

"இன்னைக்கு ஒரு ராத்திரி பொறுத்துக்குங்க" என்று வில்லையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். அவன் நெட்டையனின் பழைய குழியை நோக்கி நடந்தான். சற்று நேரத்தில் புரளும் சத்தம் தொடங்கியது.

கொழுந்தன் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினான். "குடிச்சிட்டுப் படுங்க அண்ணி. நான் பூட்டிக்கிறேன்."

அவள் குறிப்பை எடுத்து முன்பு எழுதியதன் கீழே எழுதினாள். நாளை அவரை வரிசையில் முதல் ஆளாக நிறுத்த வேண்டும். முதல் வரிசை முதல் குழியின் வில்லையை அவருக்கும், நெட்டையனுடையதை அந்தக் குழிக்காரருக்கும் கொடுக்க வேண்டும். தூங்கவில்லை என்றால் அடுத்த நாள் இரண்டாம் குழி.