தேசாங்காவின் கடைசி வரிசை

அரிலியே மலைச்சரிவில் எல்லார் தோட்டத்திலும் போன வருடத்துத் தண்டில்தான் ராஸ்பெர்ரி காய்க்கும். தேசாங்கா மட்டும் கடைசி வரிசையில் வேறு ரகம் நட்டிருந்தாள். முளைத்த வருடமே, கோடை போன பிறகு காய்க்கிற ரகம். அதனால் மார்ச்சில் பழைய தண்டுகளைத் தரையோடு அறுத்துப் போட்டாள்.

கணவன் மிலோவானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பழத்தோட்டம் போடுறியா, மாட்டுக்குப் புல் அறுக்குறியா?"

"செப்டம்பர்ல வந்து கேளு."

"சரி. செப்டம்பர் இருபத்தொண்ணு, மாதா பிறந்தநாளுக்குள்ள ஒரே ஒரு பழம் காட்டு. இல்லேன்னா அந்த எடத்துல பிளம்ஸ் கன்னு நட்டுருவேன்."

"நடு, பார்க்கலாம்."

மே மாதம் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அவள் உஜிட்சே போய் நான்கு நாள் தங்கினாள். திரும்பியதும் மிலோவான் பெருமையாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். பழைய தண்டுக்குச் சத்துப் போகட்டும் என்று முதல் முளைகளை அறுத்து எறிவது அங்கே வருடாவருடம் நடக்கிற வேலைதான்.

"ஒன் வரிசையவும் விடல. நீ வந்து குனிஞ்சு கெடக்க வேணாமேன்னு பார்த்தேன்."

கடைசி வரிசை வெறும் மண்ணாகக் கிடந்தது.

"அட மனுசா! மத்ததுல மொளை அடுத்த வருசத்துக்கு. இதுல மொளைதான் இந்த வருசத்துப் பழமே."

அவன் பிடரியைச் சொறிந்தான். "மறுபடி மொளைக்கும்ல?"

"மொளைக்கும். பனி விழுறதுக்குள்ள பழுக்கணுமே."

ஜூனில் முளைத்தது. மற்ற வரிசைகளில் பறிப்பு முடிந்து கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தபோது இதில் மொட்டுக்கூட இல்லை. செப்டம்பரில்தான் காய் பிடித்தது. மாதா பிறந்தநாளுக்கு முந்தின மாலை பார்த்தாள். எல்லாம் கல்போலப் பச்சை. குளிர் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் வரிசையைத் தோண்டிப் போட மண்வெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். வரிசை முழுக்க வெள்ளைத் துணி. விருந்தாளிகளுக்கென்று மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகள். மிலோவான் கடைசி முனையைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"பிளம்ஸ் கன்னு எங்க?"

"சந்தையில நல்லதா கெடைக்கல."

"கெடு இன்னையோட முடியுதே?"

"மே மாசத்துல நான் அறுத்ததால போன நாளை யாரு திருப்பிக் குடுப்பா? அதையும் கெடுவோட சேர்த்துக்க."

அக்டோபர் இரண்டாம் வாரம் காலையில் தோட்டத்திலிருந்து கூப்பிட்டான். ஓடினாள்.

"பழுத்துருச்சு. நீ ஜெயிச்சுட்ட."

"எத்தனை?"

"ஒண்ணு."

"எங்க, காட்டு?"

அவன் நாக்கை நீட்டினான். சிவந்திருந்தது.