ஆண்ட்ராவின் இன்னொரு கை

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடம். எங்கள் துறைமுகத்துச் சொற்கள் சிலவற்றுக்குச் சிரிக்கும்படி பொருள் எழுதி வரச் சொன்னார்கள், மாலை வகுப்பில். எழுதினேன்:

ட்ரீக்: மழையாகவும் பெய்யாமல், விடவும் விடாமல், வானம் ஈரத்துணிபோல முகத்தில் ஒட்டிக்கிடக்கும் நாள். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இன்று.

த்ரான்: பிடிவாதம். எதிராளி சொல்வதுதான் சரி என்று தெரிந்த பிறகே முழு வேகம் பிடிக்கும்.

படித்துப் பார்த்தேன். கருவாடு மாதிரி இருந்தது. சொல்லுக்கு ஒரு வாய் வேண்டும். ஆண்ட்ரா வாட் என்ற படகுக்காரரை உண்டாக்கினேன்.

2

அன்று கடல் ஆண்ட்ராவைப் பார்த்து— (வேண்டாம். கடல் யாரையும் பார்ப்பதில்லை.)

ட்ரீக்கான காலை. ஆண்ட்ரா படகில் நண்டுக்கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் இனா துறைச்சுவர் விளிம்பில் வந்து நின்றாள்.

"ஏ க்வைன், தூறல்ல என்ன நிக்கிற?"

(க்வைன்: பெண்பிள்ளை. தலை நரைத்தாலும் அப்பாவுக்கு க்வைன்தான்.)

"ஞாயித்துக்கிழமை கோயில்ல என்னோட முதல் பிரசங்கம்ப்பா. வருவீங்களா?"

"கூடையெல்லாம் கிடக்கு..."

"ஞாயித்துக்கிழமை நீங்க கூடையைத் தொட்டதே இல்லையே!"

சிக்கல் கூடையில் இல்லை. சொன்னால் கடலில் கேடு வரும் என்று படகில் சொல்லக் கூடாத சொற்கள் உண்டு. சால்மன் மீனை 'சிவப்பு மீன்' என்போம். போதகர் 'கறுப்பு அங்கி'. வாய் தவறினால் உடனே இரும்பைத் தொட வேண்டும். போதகரே படகில் ஏறுவதா? பேச்சே இல்லை. இனா போதகராகிவிட்டாள்.

"ஊர்ல கேட்டா 'மேல படிச்சிருக்கா'ன்னு சொல்றீங்களாமே. என் வேலையோட பேர ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?"

"போட்டுல நிக்கேன்ல."

"வீட்டுல?"

ஆண்ட்ரா ஒரு கூடையை எடுத்து, அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

3

அவருடைய அண்ணன் ஒருமுறை ஒரு போதகரை ஏற்றிக்கொண்டு— (அடித்துவிட்டேன். காரணம் கொடுத்தால் ஆண்ட்ரா சின்னவராகிவிடுகிறார். எங்கள் ஊரில் யாரும் இதையெல்லாம் நம்புவதில்லை. எல்லோரும் இரும்பைத் தொடுவார்கள். 'போதகர்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் நான் மேசை ஆணியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.)

4

"இந்த போட்டுலதான் எனக்கு முதல் பல்லு விழுந்துச்சு," என்றாள் இனா. "இனிமே ஏறக்கூடாது, அப்படித்தானே?"

"அந்தப் பல்ல முழுங்கின மீனு இன்னும் உன்னய மாதிரியே கடிச்சுப் பேசிக்கிட்டுத் திரியுது."

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் த்ரான் அப்பாவோடு நிற்குமா? படகின் விளிம்பில் ஒரு காலை வைத்தாள்.

ஸ்விதர்: இரண்டு பக்கமும் போக மனமிருந்து, இரண்டு பக்கமும் போகாமல் நிற்பது.

நானும் நிற்கிறேன். ஒரு முடிவில், ஆண்ட்ரா ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "மோசமில்ல" என்கிறார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. இன்னொன்றில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார். முதலாவது வகுப்பில் கைதட்டு வாங்கும். இரண்டாவதை எழுத எனக்கு மனமில்லை.

ஆகவே நடந்தது வரை மட்டும். அலை படகைத் தூக்கியது. விளிம்பில் வைத்த கால் எழும்ப, இனா தடுமாறிக் கையை நீட்டினாள்.

"போதகரம்மா," என்றார் ஆண்ட்ரா, படகில் நின்றுகொண்டே. "வழுக்கும், பாத்து."

சொல்லிவிட்டார். சொன்னவர் கை எங்காவது போயாக வேண்டும். ஒரு கையில், படகைத் துறைச்சுவரோடு இழுத்துப் பிடித்த கயிறு. விட்டால் படகு நகர்ந்துவிடும். இன்னொரு கைக்கு வலப்பக்கம் கயிறு சுற்றும் இரும்பு உருளை. இடப்பக்கம் மகள்.

நான் ஆணியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இனி நீங்கள். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்வேன். ஆனால் அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.