மான்கள் பார்த்த திசை

புத்தக வெளியீட்டு அழைப்பிதழைப் பிரித்த பிரதிக்காரி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள். அட்டையில் இருந்த ஒன்பது மான்களும் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அவை அவள் எடுத்த மான்கள். குகைச் சுவரில் கை படாமல், இரண்டு கம்புகளுக்கு நடுவே கண்ணாடித்தாளை இழுத்துக் கட்டி, பக்கவாட்டில் விளக்கை வைத்து, ஆதிமனிதன் தீட்டிய கோடுகளை ஒவ்வொன்றாகக் கறுப்பு மையில் பிரதி எடுப்பதுதான் அவள் தொழில். பதினேழு வருடமாக அதையே செய்து கழுத்து வலியும் கொஞ்சம் பெயரும் சம்பாதித்திருந்தாள். பெயர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. "பிரதிக்காரி எடுத்ததா, அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று ஆராய்ச்சிக்கு வருகிற நாலு பேர் சொல்வார்கள். அவளுக்கு அது போதும்.

தப்பு அவளுடையதுதான். தாளின் ஓரத்தில் 'குகை வாசல் இந்தப் பக்கம்' என்று எழுதி ஒட்டியிருந்த பட்டையை, ஸ்கேனரில் பசை படக்கூடாதென்று அவளே உரித்துப் போட்டாள். பிறகு தாளைப் புரட்டி வைத்துவிட்டாள். கண்ணாடித்தாளுக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது? வாசலை நோக்கி வந்துகொண்டிருந்த மான்கள் கணினிக்குள் போனதும் குகையின் உள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டன.

நடந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியாது. அக்காவின் கணவர் பேராசிரியர். அவர் அந்த ஒரே தாளை வைத்துக்கொண்டு நானூறு பக்கம் எழுதித் தள்ளியிருந்தார். இறந்தவர்களின் உயிர் மானாக மாறி மலையின் வயிற்றுக்குள் திரும்பிப் போகிறதாம். புத்தகத்தின் பெயரே 'உள்ளே போகும் மான்கள்'.

அவ்வளவு பெரிய படிப்பாளிக்கு இது தெரியாமலா போயிற்று என்று கேட்டால், தெரியாமல்தான் போயிற்று. மான்கள் இருக்கும் அறைக்குப் பத்து மீட்டர் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். அத்தானின் வயிறு ஊர்வதற்கு ஏற்ற வயிறு இல்லை. ஒரே ஒரு தடவை பாதி வழி போனவர், மூச்சு முட்டுகிறதென்று காலால் பின்வாங்கி வந்துவிட்டார். மீதியை மேசையில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டார்.

அவள் முதலில் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அடுத்த வாரம் விழாவ வச்சுக்கிட்டு இப்போ வந்தா இதைச் சொல்ற? அவருக்கு ஏற்கெனவே பிரஷர்."

"தப்பு என்னோடதுதான் அக்கா. அதை நானே எழுதித் தரேன். ஒரு பிழைத்திருத்தச் சீட்டு அடிச்சு ஒவ்வொரு புத்தகத்துலயும் வச்சாப் போதும்."

"மான் எந்தப் பக்கம் பார்த்தா என்னடி? மான் மான்தானே?"

யாராவது ஒருவர் புத்தகத்தோடு குகைக்குள் ஊர்ந்து போனால் போதும், பதினேழு வருடப் பெயர் ஒரே நாளில் காற்றில் போய்விடும். ஒரு தாளைப் புரட்டியவள் இதே குகையில் எடுத்த மற்ற முப்பத்தொரு தாளிலும் என்ன செய்தாளோ என்றுதான் கேட்பார்கள்.

அத்தானோ பிடிகொடுக்கவே இல்லை. திங்கட்கிழமை "பார்க்கலாம்" என்றார். செவ்வாய்க்கிழமை "திசைங்கிறதே நாம கற்பிச்சுக்கிறதுதான்" என்றார். புதன்கிழமை போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமை அவள் அவர் அலுவலக அறை வாசலிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவளோடு குகைக்குக் கிளம்பினார். அச்சிட்டு வந்த முதல் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவரை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நெற்றி விளக்கு கழன்று விழுந்தது. இடுக்கில் இடுப்பு மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து அவர் செருப்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒருவழியாக அறைக்குள் உருண்டு விழுந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்து, விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

ஒன்பது மான்கள். ஒன்பதும் அவர்கள் ஊர்ந்து வந்த வழியைப் பார்த்து வெளியே போய்க்கொண்டிருந்தன.

அவர் ஒவ்வொரு மானாக விரல் நீட்டி எண்ணிப் பார்த்தார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே லேசானது. எத்தனை நாளாயிற்று நிம்மதியாக மூச்சு விட்டு!

பிறகு அத்தான் எழுந்து, மான்களுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவர்வரை குனிந்தபடியே போய், விரலை மடக்கித் தட்டினார்.

"அப்போ வாசல் இந்தப் பக்கம் இருந்திருக்கு. இங்கேருந்து பார்த்தா மான்கள் உள்ளேதான் போகுது" என்றார்.

"அது பாறை அத்தான்."

"இப்போ பாறை."

"எப்பவும் பாறைதான்! ஒரு விரிசல்கூட இல்ல, பாருங்க."

"மூடியிருப்பாங்க. சாவுக்கான வாசல்னா மூடத்தானே செய்வாங்க? இது இன்னும் பலமான ஆதாரம்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சீட்டுல இதையே போட்டுடலாம். நீ ஒரு வரைபடம் மட்டும் போட்டுக் கொடு. மூடின வாசலைப் புள்ளிக்கோட்டுல காட்டினாப் போதும்."

அவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கண்ணால் பார்த்தது மங்கியிருந்தால்தான் அவள் புள்ளிக்கோடு போடுவாள். ஆசைப்பட்டதற்கெல்லாம் போட்டதில்லை.

"நான் வரைய மாட்டேன். சீட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் பேர மட்டும் புத்தகத்துலேருந்து எடுத்துடுங்க."

அத்தான் இருமினார். பைப் பட்டையை இழுத்துச் சரிசெய்தார். அந்த இருமலிலேயே அவளுக்கு ஏதோ பொறி தட்டியது. பையிலிருந்து புத்தகத்தை உருவி, விளக்கைக் கிட்டே வைத்துப் புரட்டினாள். முதல் பக்கத்தில் அவள் பெயர் இல்லை. படங்களின் பட்டியலில் 'ஆசிரியரின் சேகரிப்பிலிருந்து' என்று இருந்தது. நன்றியுரையில் இரண்டு அமைச்சர்கள், ஒரு வங்கி, கார் ஓட்டியவர் எல்லோரும் இருந்தார்கள். கடைசி வரியில், 'குடும்பத்தார் செய்த சிறு உதவிகளுக்கும் நன்றி.'

"பதிப்பாளர் இடம் இல்லேன்னுட்டார்" என்று அத்தான் மென்று முழுங்கினார். "குடும்பம்னா நீயும் சேர்த்திதானே?"

நாலு நாளாகத் தூங்காமல் பெயர் கெட்டுவிடுமே என்று செத்துப் பிழைத்திருந்தாள். கெடுவதற்குக்கூட அங்கே ஒரு பெயர் இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள். குனிந்து, இடுக்குக்குள் தலையை விட்டாள்.

"எங்க போற? நில்லு! என்னை யாரு தள்ளி விடறது?"

"அந்தப் பக்கம் வாசல் இருக்குன்னீங்களே அத்தான்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "அது வழியா வாங்க."