பத்து மகிழ்ச்சிகள், ஆதாரத்துடன்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அதே நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ருஃபினோ ஒரு தாளை நீட்டினார். தெல்பினாவின் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. தாளை வாங்கக் கை இல்லை என்பது அவர் கண்ணில் படவில்லை. மாவு மூட்டையின் மேல் வைத்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"திங்கட்கிழமை ஆசிரியர் தினம் இல்லையா? கல்வி ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு. சுவர்ப் பத்திரிகை போடணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டோ போயாகணும்."

அவள் குனிந்து படித்தாள். 'ஆசிரியரின் அன்றாட மகிழ்ச்சிகள். பள்ளியில் ஐந்து, இல்லத்தில் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஆதாரப் புகைப்படம் இணைக்கப்பட வேண்டும்.' கீழே முத்திரை, அதன் மேல் ஒரு கையெழுத்து, அந்தக் கையெழுத்தை உறுதிசெய்து இன்னொரு கையெழுத்து.

"இது எப்ப வந்தது சார்?"

"போன வாரம். ஃபைல்ல மாட்டிக்கிட்டு இருந்திருக்கு."

"ஆசிரியர் தினத்துக்கு ஆசிரியரே போட்டுக்கணுமா?"

"வேற யாரு போடுவா? உங்களுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கே."

முத்து முத்தான கையெழுத்து இருந்த ஒரே குற்றத்துக்காக ஒன்பது வருஷமாக கொல்பாபம்பா மலைக்கிராமப் பள்ளியின் எல்லா எழுத்து வேலையும் அவள் தலையில்தான் விடிந்தது. அந்தப் பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள். ஒருவர் மார்ச்சிலிருந்து மருத்துவ விடுப்பு. இன்னொருவர் ருஃபினோ. அவருக்குக் கூட்டங்கள் இருக்கும். கூட்டம் எங்கே நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். முட்டியில் கால்பந்து மைதானத்துச் சேறோடும் கழுத்தில் விசிலோடும் யாரும் கல்விக் கூட்டத்திலிருந்து திரும்புவதில்லை. மிச்சம் தெல்பினா. மிச்சம் இருபத்து மூன்று பிள்ளைகள்.

"சார், ஒன்றரை மணி வேனை விட்டா ஊருக்குப் போக எனக்கு அடுத்த வேன் ஞாயித்துக்கிழமைதான். தெரியும்ல உங்களுக்கு?"

"ஒன்றரைக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கே டீச்சர். சந்தோஷத்தைப் பத்தி எழுத அவ்வளவு நேரமா ஆகும்?" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். புழுதி பால் சட்டிக்குள் விழுந்தது.

இந்த வெள்ளிக்கிழமை மற்ற வெள்ளிக்கிழமை மாதிரி இல்லை. புதன்கிழமை சாயங்காலம், வழக்கம்போல், ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான சிலுவை மேட்டில் ஏறி நின்று வீட்டுக்குப் பேசியபோது, அவள் கணவன் வில்பர் போனை எடுத்ததும் கத்தினான்.

"தெல்பி, புள்ள படிக்குது! எழுத்துக் கூட்டி இல்ல, நெசமாவே படிக்குது. சோப்புக் கவரு, பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, ஒண்ணு விடல. என் வண்டில ஒட்டியிருக்கிற கெட்ட வார்த்தையக்கூடப் படிச்சிட்டா."

ஊருக்கெல்லாம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் தெல்பினா. அந்த நொடி அவளுக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் எழுத்து எழுத்தாக முட்டி மோதிக்கொண்டிருக்கும் பிள்ளை, ஒரு காலை நேரத்தில் ஒரு சொல்லை முழுசாகச் சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று சுற்றிப் பார்க்கும். அந்த முகத்தை அவள் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள். எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் முகம். சொந்த மகள் யாதிராவின் முகம் அப்படி மாறியபோது, நாலு மணி நேரத் தூரத்தில், அபான்காய் நகரத்தில், எதிரில் நின்றிருந்தது வேறொரு டீச்சர். தெல்பினாவுக்குப் பொறாமையாக இருந்தது. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை.

"போன்ல படிச்சுக் காட்ட வேணாம்னு சொல்லு. வெள்ளிக்கிழமை நான் வந்து நேர்ல கேக்குறேன்" என்றாள். யாதிரா போனைப் பிடுங்கியது காதில் கேட்டது.

"அம்மா, எம்மேல கோவமா?"

"இல்லடி கண்ணு. ஏன்?"

"அப்புறம் ஏன் எப்பவும் புஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுற? சீக்கிரம் வெச்சிடுற?"

பதில் சொல்வதற்குள் காற்று ஒரு பக்கம் இழுத்தது, சிக்னல் இன்னொரு பக்கம் போனது. மறுநாள் மேட்டில் சிக்னலே கிடைக்கவில்லை. இரண்டு நாளாக அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல் போல உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, வெள்ளிக்கிழமை போய் மடியில் உட்கார வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இந்தத் தாள்.

முதல் மகிழ்ச்சி, பிள்ளைகள் பால் குடிப்பது. போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனபோது ஒருவன் குடித்த பாலைப் பக்கத்தில் இருந்தவள் மேல் கக்கினான். அவனைக் கழுவி, அவளைத் துடைத்து, இரண்டு பேரையும் வெயிலில் உட்கார வைத்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. இரண்டாவது மகிழ்ச்சி, கணக்குப் பாடம். கரும்பலகை அருகே கைதூக்கச் சொன்னாள். போட்டோ என்றதும் கணக்குத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கினார்கள். திருடன் வந்து துப்பாக்கி காட்டியது மாதிரி இருந்தது படம். இல்லத்தின் ஐந்து மகிழ்ச்சிகளுக்கு எங்கே போவது? அவள் இல்லம் என்பது வாரத்தில் ஐந்து நாள் சமையலறைக்குப் பின்னால் இருந்த ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, இரவில் தலைமாட்டில் உறைந்துபோகும் ஒரு தம்ளர் தண்ணீர். அந்தத் தம்ளரைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பசை காய்ந்து கல்லாகிக் கிடந்ததைக் கண்டாள். தாளைக் கசக்கினாள். பிறகு நீவி விட்டாள், முத்திரை இருந்ததே.

"எல்லாரும் இங்க வாங்க! ஆளுக்குப் பாதித் தாள். டீச்சருக்கு எதுல சந்தோஷம்னு நீங்களே எழுதுங்க. எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியுதான்னு பாப்போம்."

"நெசத்தையா டீச்சர்?" என்றாள் இரண்டாம் வகுப்பு நியேவெஸ். சாயங்காலம் ஆடு மேய்க்கும் பெண். காற்றில் வெடித்த கன்னம். எதையும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் செய்வாள்.

"நெசத்தைத்தான். சீக்கிரம்!"

தெல்பினா சமையலறைக்கு ஓடி உருளைக்கிழங்கு மாவில் பசை காய்ச்சினாள். அடி பிடித்தது. பிடித்ததையே எடுத்து வந்து, பிள்ளைகள் கொடுத்த தாளை எல்லாம் கொடுத்த வரிசையில் பலகையில் அறைந்தாள். ஒன்றையும் படிக்கவில்லை. நடுவில் 'அன்றாட மகிழ்ச்சிகள்' என்று முத்து முத்தாக எழுதினாள். எழுதும்போதே வேன் ஹார்ன் அடித்தது. ஒரே ஒரு படம் எடுத்தாள். பையைத் தூக்கினாள். கதவைப் பூட்டச் சாவியைத் தேடியபோது ஹார்ன் நகரத் தொடங்கியிருந்தது.

"டீச்சர், வேன் போகுது!"

பிள்ளைகள் அவளுக்கு முன்னால் ஓடினார்கள். டயர் செருப்புகள் தடதடக்க இருபத்து மூன்று பேரும் சரிவில் குறுக்கே இறங்கி, பாதையை மறித்துக் கைகோத்து நின்றார்கள். வேன் கிறீச்சிட்டு நின்றது. கூரையில் கட்டியிருந்த ஆடுகள் கத்தின. ஓட்டுநர் மாக்சிமோ தலையை வெளியே நீட்டினார்.

"என்ன டீச்சரம்மா, ஆளு வெச்சு மறிக்கிறீங்க?"

"அஞ்சு நிமிஷம் நின்னா உங்க டயர்ல என்ன முள்ளா முளைக்கும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. மேல இருக்கிற பார்ட்டிங்க அவசரப்படுது" என்று அவர் ஆடுகளைக் காட்டினார்.

வேனுக்குள் அவளுக்குக் கிடைத்தது ஒரு வெங்காய மூட்டை. அதன் மேல் உட்கார்ந்தாள். மூன்றாவது வளைவில் சிக்னல் வந்தது. படத்தை ருஃபினோவுக்கு அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினாள். நாலு மணி நேரம் அவளுக்கு மலையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. யாதிரா எந்தப் பக்கத்தைப் படிப்பாள், படிக்கும்போது விரல் வைப்பாளா, வைக்க மாட்டாளா என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஐந்தே முக்கால். அடுப்பில் கீன்வா தானியச் சூப் கொதித்தது. வில்பர் அவள் பையை வாங்கினான், அவள் தலையில் இருந்த வெங்காயச் சருகை எடுத்துப் போட்டான். யாதிரா முகம் கழுவி, சடை போட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் தயாராக இருந்தாள்.

"மூணு மணிலேர்ந்து இப்படியே உக்காந்திருக்கா" என்றான் வில்பர்.

தெல்பினா கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள். "படிடி என் தங்கம்."

யாதிரா மூச்சை இழுத்தாள். "வாத்து குளத்துக்குப் போனது குளத்தில் தண்ணீர் இல்லை வாத்து—"

"நிறுத்தி. புள்ளி வந்தா நிக்கணும்ல?"

"குளத்துக்குப் போனது. குளத்தில் தண்ணீர்—"

"நிமிர்ந்து உக்காரு. புத்தகம் கண்ணுகிட்ட வரக்கூடாது. இன்னும் சத்தமா, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அந்த அறையில் ஏது கடைசி பெஞ்சு? யாதிரா புத்தகத்தை மூடினாள்.

"நீ ஒண்ணும் என் டீச்சர் இல்ல. எங்க டீச்சர் இப்படி நடுவுல நடுவுல நிறுத்த மாட்டாங்க."

வில்பர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாலு மணி நேரம் வெங்காய மூட்டை மேல் வந்தவள் நாலு வரியில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் காத்திருந்தது, ஓடியது, பிள்ளைகள் வேனை மறித்தது, எல்லாம் இதற்குத்தானா? தன் நாக்கையே இழுத்து வைத்து அடிக்க வேண்டும் போல இருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மேஜை மேல் வைத்திருந்த தெல்பினாவின் போன் கிணுகிணுத்தது. யாதிரா எட்டிப் பார்த்தாள். கோபத்தில் இருந்தாலும் எழுத்தைக் கண்டால் அவளுக்கு இப்போது சும்மா இருக்க முடியவில்லை. ருஃபினோ அனுப்பியதைச் சத்தமாகப் படித்தாள்.

"டீச்சர், படத்தைப் பார்க்காமல் ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன். படத்தில் ஆசிரியை இல்லை. ஆதாரம் செல்லாது. மூன்றாவது வரிசைத் தாளை உடனே அகற்றவும்." அவள் நிமிர்ந்தாள். "அகற்றவும்னா என்ன?"

"எடுத்துடுன்னு அர்த்தம்" என்றான் வில்பர்.

"எந்தத் தாளு?" யாதிரா படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கினாள். "டீச்சருக்குச் சந்தோஷம், சார் மோட்டார் சைக்கிள்ல போன அப்புறம்."

வில்பர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். தெல்பினா தலையில் கை வைத்துக்கொண்டாள். யாதிராவுக்குச் சூடு பிடித்துவிட்டது. படத்தை நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

"டீச்சருக்குச் சந்தோஷம், யாரும் வாந்தி எடுக்காத அன்னிக்கு. டீச்சருக்குச் சந்தோஷம், வெள்ளிக்கிழமை. டீச்சருக்குச் சந்தோஷம், அவங்க பொண்ணு." அங்கே நின்றாள். விரலை வைத்து மெதுவாகப் போனாள். "அவங்க பொண்ணுகிட்ட பேச தெனமும் சிலுவை மேட்டுக்கு ஓடுறாங்க. ஏறி முடிச்சதும் மூச்சு முட்டும். முட்டிக்கிட்டே சிரிச்சிக்கிட்டே பேசுவாங்க. என் ஆடுங்க வேடிக்கை பாக்கும். நியேவெஸ்."

யாதிரா போனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மேடு ரொம்ப ஒசரமாம்மா?"

"கொஞ்சம்."

"அதான் புஸ்ஸு புஸ்ஸுன்னா?"

தெல்பினா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"நான் உனக்கு என்கூடப் பேசப் பிடிக்கலேன்னு நெனச்சேன்" என்றாள் யாதிரா, சோப்புக் கவரைப் படிப்பது மாதிரி சாதாரணமாக. பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, போனோடு வந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். "இதை இன்னொரு தடவை படிக்கட்டா?"

"படி."

மறுபடி படித்தாள். ஒரு புள்ளிக்கும் நிற்கவில்லை. படிக்கும்போதே போன் திரும்பவும் கிணுகிணுத்தது. "இன்றே மீண்டும் அனுப்பவும். ஆசிரியை படத்தில் சிரித்தபடி இருக்க வேண்டும்."

"என்னம்மா பதில் போட?"

"திங்கட்கிழமைன்னு போடு."

யாதிரா ஒற்றை விரலை நீட்டி எழுத்தைத் தேட ஆரம்பித்தாள். முதல் எழுத்து கிடைக்கவே ஒரு நிமிஷம் ஆனது. இரண்டாவது எழுத்துக்குத் தப்பான வரிசையில் போய்த் தேடிக்கொண்டிருந்தாள். அது எங்கே இருக்கிறது என்று தெல்பினாவுக்குத் தெரியும்; நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு உதட்டையும் இறுக்கிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷ வாத்தியார் வேலையில் இவ்வளவு கஷ்டமான ஐந்து நிமிஷத்தை அவள் பார்த்ததில்லை.