இரவல் மேகம்

“ஏன் அய்யா, ரெண்டு படத்துலயும் ஒரே மேகம் நிக்கிது?”

எட்டு வயதுப் பூமாரி என் படக்கடைச் சுவரைப் பார்த்து இப்படிக் கேட்டாள். 1934ஆம் வருடம், ஆனி மாதக் கடைசி. ஒரு படம் சுருளி மலை. இன்னொன்று அங்கிருந்து நாற்பது மைல் தள்ளி, தேவதானப்பட்டிப் புஞ்சை. இரண்டிலும் அடி கறுத்து, தலை வெளுத்த ஒரே மேகம்.

“சும்மா இரு ஆத்தா. மேகம்னா நடக்காதா? அங்கன இருந்து இங்கன வந்திருக்கும்,” என்றார் அவள் தகப்பன் வேலுச்சாமி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெரியகுளத்தில் கடை வைத்திருந்தாலும் எனக்கு மலையையும் வயலையும் படம் பிடிப்பதில்தான் ஆசை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் நிலம் தெளிவாக விழுந்தால் வானம் வெளுத்துப் போகும். வெறும் வானத்தை யாரும் விரும்புவதில்லை. அதனால் சுருளி மலைமேல் ஓர் ஆடி மாதம் எடுத்த மேகத் தகட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். எந்த ஊர்ப் படமானாலும் நிலத்தை அதன் தகட்டிலிருந்தும் வானத்தை இந்தத் தகட்டிலிருந்தும் ஒரே தாளில் பதித்துவிடுவேன். அழகுக்குச் செய்வதுதானே, அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன்.

அந்தப் புஞ்சையைப் பங்குனி வெயிலில்தான் எடுத்தேன். அதை விற்க நினைத்தவர் படத்தை இலங்கைக்கு அனுப்பினார். தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் உழைத்த வேலுச்சாமி, மேகத்தைப் பார்த்தே மூன்று ஏக்கரையும் வாங்கிவிட்டார். ஊர் வந்து சேர்ந்ததும், படம் எடுத்தவன் என்று எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்யா. இது எந்த மாசம் எடுத்தீக? மேகம் எறங்குற மாசம் தெரிஞ்சா வெதைக்கத் தோதா இருக்கும்.”

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். கடையில் படம் வாங்க வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஆடி,” என்றேன். மேகம் ஆடி மாதத்து மேகம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் மேற்கு மலைகளில் மழை பெய்தது. தேவதானப்பட்டிப் பக்கம் காற்றுதான் அடித்தது. ஆவணியில் மனம் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வேலுச்சாமி ஆடியில் விதைத்திருந்த புஞ்சைக் காட்டில் ஒரு பச்சை இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் நல்லகண்ணு வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“என்ன வேலுச்சாமி, படத்துல பேஞ்ச மழையில நல்லா நனைஞ்சிட்டியா? தலையத் தொவட்டப்பா, சளி புடிக்கும்! ஐப்பசி வரைக்கும் பொறுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோம். எங்க பேச்சு எடுபடல, காயிதம் பேசுனது எடுபட்டுச்சு.”

என்னைக் கண்டதும் வேலுச்சாமி நிமிர்ந்தார். “இந்தா, எடுத்தவுகளே வந்துட்டாக. அய்யா பொய் சொல்ல மாட்டாக. இந்த வருசம் வானம் ஏமாத்திருச்சு, அம்புட்டுத்தான்.”

நான் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லகண்ணு சிரித்தபடி போய் மறைந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அது சுருளி மேகம் என்று சொன்னேன்.

வேலுச்சாமி குனிந்து மண்ணைக் கிளறினார். எறும்பு தின்ற சோளத்தோல்தான் விரலில் வந்தது. அவர் மனைவி மாயக்காள் காட்டோரத்து வீட்டுக்குள் போய் ஒரு செம்பு தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்தாள்.

“வெயில்ல வந்திருக்கீக. மொதல்ல குடிங்க.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“விதையை நான் வாங்கித் தர்றேன்,” என்றேன்.

“வேண்டாம்யா,” என்றார் வேலுச்சாமி. “ஊரு பேச்சைக் கேக்காதது என் புத்தி. தோட்டத்துல அம்புட்டு வருசம் இருந்தும் ஒருத்தன்கிட்ட கை நீட்டுனதில்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாவ அறிக்கை சொல்லும்போது இதுதான் முன்னால் வந்து நின்றது. வேலுச்சாமியிடம் சொல்லிவிட்டேன் என்பது உண்மை. ஆனால் கேலி செய்தவர் எதிரிலே, அவர் எனக்காகப் பேசிய அந்த நேரத்திலே சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் தலை குனிகிறது.

புரட்டாசியில் ஒரு செய்தி காதில் விழுந்தது. விதைக்கு வழியில்லாமல் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அவர்கள் மறுபடி இலங்கைக்கே போக நினைக்கிறார்களாம். அதுவரை பக்கத்து ஊரான ஜெயமங்கலத்தில் குடும்பத்தோடு கூலிக்கு நடவு வேலை.

மறுநாள் இரண்டு மரக்கால் விதைச்சோளத்தைச் சாம்பலில் புரட்டி, சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். மூன்று ஏக்கருக்கு அது போதும். நல்ல பகல். வீட்டில் ஆள் இல்லை. காட்டிலும் யாரும் இல்லை. தாழ்வாரத்தில் தானியம் கொட்டிவைக்கும் மண் குலுக்கை வெறுமையாக இருந்தது. மூடியை எடுத்து, சத்தம் வராதபடி கை கை​யாக அள்ளிப் போட்டேன். மேலே கொஞ்சம் வேப்பிலை பரப்பி, மூடியை முன்பிருந்த மாதிரியே வைத்தேன். கீழே சிந்திய நாலைந்து மணிகளையும் பொறுக்கி உள்ளே இட்டேன்.

புழுதியில் சைக்கிள் தடம் விழக்கூடாது என்று, வந்தபோது போலவே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, வரப்போடு வரப்பாக வண்டிப்பாதை வரைக்கும் நடந்தேன்.