பீங்கான் தவளைக்கு ஒரு கழி

மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து காசியம்மாள் மருமகன் நல்லமுத்துவிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகனுக்கு மாமியார் காட்டும் மரியாதை அது. சொல்ல வேண்டியதை மகள் ஆதிலட்சுமியிடம் சொல்வாள். மகள் பக்கத்தில் இல்லையென்றால் வாசலில் மேயும் கோழியிடம் சொல்வாள். கோழிக்குச் சொன்னதை நல்லமுத்து கேட்டுக்கொண்டு செய்து முடிப்பான். குடும்பம் அப்படியே சிரமமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் மார்கழியில் காசியம்மாளுக்கு டைபாய்டு கண்டது. அவள் ஊரான கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தை பிறந்ததும் காய்ச்சல் விட்டது. ஆனால் விருத்தாசலத்திலேயே இருந்த மகள் வீட்டுக்கு வந்த பிறகும் சோறு இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியே போனால் மறுபடி படுக்கையில்தான் விழுவாள், எதையாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆதிலட்சுமி அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நல்லமுத்து இரண்டு முறை பார்த்துவிட்டான்.

ஒரு நாள் காலை அவன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏ கோழி, விராலு மீனு கொழம்புன்னா ரெண்டு வாயி எறங்கும் போல இருக்குது."

நல்லமுத்து பாதி முகத்துச் சோப்போடு எழுந்து நின்றான். அந்த அம்மாள் இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை.

சந்தையில் விசாரித்தான். விரால் இல்லை. மழைக்காலத்துத் தண்ணீர் ஏரிகளில் இன்னும் தளும்பி நின்றது. தண்ணீர் வற்றாமல் வலை இறக்க மாட்டார்கள். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் மட்டும், தூண்டிலில் கிடைத்தால் பிடித்துக்கொண்டு போ, நோயாளிக்குத்தானே என்று பெரிய மனதோடு சொன்னார்.

நல்லமுத்து ஒரு செராமிக் கம்பெனியில், பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் மெருகுப் பிரிவில் வேலை பார்த்தான். அவனிடம் ஒரு ரீல் இருந்தது. சூளை பொருத்த வந்த வங்காளத்து இன்ஜினியர் ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது, ஒரு வாரம் வீட்டிலிருந்து ரசம் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். ஊருக்குப் போகும்போது அவர் தம் தூண்டிலின் ரீலை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். கைப்பிடி போட்ட சின்னச் சக்கரம். அதில் சுற்றிய தூண்டில் நரம்பை இழுத்தால் 'கிர்ர்' என்று சத்தம் போடும். கழி முன்பே உடைந்து போயிருந்ததால் ரீல் மட்டும் பரணில் கிடந்தது.

நண்பன் கொளஞ்சியப்பனிடம் விஷயத்தைச் சொன்னான். அவன் குயவர் வீட்டுப் பிள்ளை. அதே கம்பெனியில் பீங்கான் வார்க்கும் அச்சுப் பிரிவு. உயிருள்ள தவளையை முள்ளில் குத்திப் போட்டால் விரால் பாய்ந்து வந்து கவ்வும் என்றான். நல்லமுத்துவுக்கு அதற்கு மனசு வரவில்லை.

"தவளைக்குப் பாவம் பாக்குற. மீனுக்கு மட்டும் பாக்க மாட்டியா?"

"அத்தைக்கு ஆவணுமே," என்றான் நல்லமுத்து. வேறு நியாயம் அவனிடம் இல்லை.

கொளஞ்சியப்பன் தவளையைத் தானே செய்துவிடுவதாகச் சொன்னான். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, பொம்மைத் தவளை அச்சு ஒன்றில் பீங்கான் கூழை ஊற்றி, டீ கப்பை விட மெல்லிசாக, உள்ளே கூடாக ஒரு தவளை எடுத்தான். நல்லமுத்து அதற்குப் பச்சை மெருகு பூசினான். சூளையிலிருந்து வந்தபோது அது உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, கத்திவிடுமோ என்று தோன்றியது. இடுப்பில் கம்பி சுற்றி, காலடியில் இரட்டை முள் கட்டினார்கள். கூடவே ஒரு பழைய பித்தளைக் கரண்டியின் காம்பை வெட்டிவிட்டு இன்னொரு பொய் இரையும் தயாரானது.

மிச்சம் கழிதான். சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் கடைவீதியில் சாமிதுரையின் மூங்கில் கடைக்குப் போனார்கள். ஏணிக்கா பந்தலுக்கா என்று கேட்டவர், மீன் பிடிக்க என்றதும், கேட்டதற்கெல்லாம் கழியை உருவிப் போட்டார். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று கல்மூங்கில், உள்ளே கெட்டி, வளைத்தாலும் வளையாது. இன்னொன்று மெலிந்தது, நுனி ஆடிக்கொண்டே இருந்தது.

விரால் முரட்டு மீன், கொக்கி பட்டதும் தாமரைக்கொடிக்குள் ஓடும், விறைப்பான கழியில்தான் இழுத்து நிறுத்த முடியும் என்பது நல்லமுத்துவின் கட்சி. கழியைத் தேர்ந்தெடுப்பது மீனைப் பார்த்து இல்லை, வீசப்போகிற இரையின் கனத்தைப் பார்த்து என்பது கொளஞ்சியப்பனின் கட்சி. சரி, வீசிப் பார்த்துவிடலாம் என்று கையோடு கொண்டுவந்த ரீலைக் கழியில் மாட்டி, சட்டைப்பையில் கிடந்த, கரண்டுக் கம்பிக்குப் போடும் பீங்கான் உருண்டை ஒன்றை நரம்பில் கட்டி, நல்லமுத்து கல்மூங்கிலை வீசினான். உருண்டை ரோட்டைத் தாண்டிப் பறந்து, எதிர்ப்பக்க டீக்கடைக் கீற்றில் விழுந்தது. டீக்கடைக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

"பாத்தியா," என்றான் நல்லமுத்து பெருமையாக.

கொளஞ்சியப்பன் மெலிந்த கழியைத் தனக்கென்று வாங்கிக்கொண்டான். எதற்கு என்று கேட்டதற்கு, வீட்டில் துணி காயப்போட என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரே சைக்கிளில் புறப்பட்டார்கள். நல்லமுத்து கல்மூங்கிலில், நரம்பு அறுபடாமல் ஓட, ஹீட்டர் கம்பியில் கோக்கும் பீங்கான் வளையங்களை நூலால் வரிசையாகக் கட்டியிருந்தான். வழியில் கொளஞ்சியப்பராகிய முருகன் கோயில் பக்கம் திரும்பி நின்று கும்பிட்டுக்கொண்டான். கொளஞ்சியப்பனின் துணிக்கழியும் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக் கிடந்தது. அதை இறக்கி வைக்க நேரமில்லை என்று அவன் சொல்லியிருந்தான்.

ஏரியில் தாமரை இலைகளுக்கு நடுவே அங்கங்கே தண்ணீர் கொப்பளித்து அடங்கியது. விரால் இருக்கிறது. முதலில் பித்தளைக் கரண்டி. கல்மூங்கில் அதை அருமையாகத் தூக்கி எறிந்தது. ஆனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கரண்டி கொடியைக் கட்டிப்பிடித்தது. நாலாவது தடவை கொடியை விட மறுத்து ஏரியிலேயே தங்கிவிட்டது.

அடுத்து தவளையைக் கட்டி வீசினான். அது பத்தடி தள்ளி 'பொத்'தென்று விழுந்தது, ஒரு நிமிஷம் அழகாக மிதந்தது, பிறகு 'குளுக் குளுக்' என்று குமிழி விட்டுக்கொண்டே மூழ்கியது.

இழுத்து எடுத்துக் கவிழ்த்தால் வயிற்றிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அப்போதுதான் வயிற்றிலிருந்த சின்ன ஓட்டை இருவர் கண்ணிலும் பட்டது. உள்ளே கூடான எந்தப் பீங்கானையும் ஓட்டை வைக்காமல் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும். அச்சு வேலைக்காரன் கை, யோசிக்காமலே அந்தக் காற்று ஓட்டையை வைத்துவிடும். கொளஞ்சியப்பனின் கையும் வைத்திருந்தது. அந்த ஓட்டையின் விளிம்பில் வழியாமல் சுத்தமாக மெருகு துடைத்தவன் நல்லமுத்து. தவளை தண்ணீருக்குப் போகப்போகிறது என்பது இருவருக்குமே நினைவில்லை.

"தவளக்கே தண்ணி குடிக்கக் கத்துக்குடுத்த ஆளு நாமதான்," என்றான் கொளஞ்சியப்பன்.

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் கையோடு போனால் உள்ளிருந்து அந்த அம்மாள் கோழியிடம்கூட ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. களிமண்ணை உருட்டி அடைத்தான், கரைந்து போயிற்று.

அப்போது ஏரிக்கரை வழியாக, வெள்ளைச் சேலை முக்காடிட்ட ஒரு அம்மாள் வந்தாள். பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகிற தங்கம்மாள். பக்கத்துக் குடியிருப்புக் கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு ஆண்கள் ஒரு தவளையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு துக்கம் கொண்டாடுவதைப் பார்த்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். நோயாளி பெயரைக் கேட்டாள். பிறகு கைப்பையிலிருந்து, முட்டிவலிக்கு வேண்டிக்கொண்ட மெழுகுவர்த்தியை எடுத்து அடிப்பக்கத்தை ஒடித்துக் கொடுத்தாள்.

"வேண்டுதல் மெழுகுங்களே," என்று தயங்கினான் நல்லமுத்து.

"கட்டையா இருந்தா மாதா வேணாம்பாங்களா? உருக்கி ஊத்துங்க தம்பி."

அவள் போய்விட்டாள். பீடி பற்றவைக்கும் தீக்குச்சியால் மெழுகை உருக்கி ஓட்டையை அடைத்தார்கள். தண்ணீரில் விட்டால் தவளை வாத்து மாதிரி நின்றது.

ஆனால் கல்மூங்கிலால் அதை வீச முடியவில்லை. விரால் கொப்பளித்த இடமோ தூரத்தில் இருந்தது. அந்த மெல்லிய உடம்புக்கு விறைப்புக் கழி வளைந்தே கொடுக்கவில்லை. எத்தனை முறை வீசியும் தவளை பத்தடியைத் தாண்டவில்லை. நல்லமுத்து கழியைக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

கொளஞ்சியப்பன் சாக்கைப் பிரித்தான். மெலிந்த கழியின் அடியிலிருந்து நுனிவரை பீங்கான் வளையங்கள் வரிசையாகக் கட்டியிருந்தன.

"துணி காயப் போடுற கழிக்கு எதுக்குய்யா வளையம்?" என்றான் நல்லமுத்து.

"பேசாம ரீல மாத்து."

மெலிந்த கழி பின்னால் வளைந்து, ஒரு பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது. தவளை பறந்துபோய், தூரத்தில் இரண்டு தாமரை இலைக்கு நடுவே உட்கார்ந்தது. நல்லமுத்து நரம்பை லேசாகச் சுண்டினான். தவளை தத்தியது. இன்னொரு முறை தத்தியது. தண்ணீர் பிளந்தது.

ரீல் கத்தத் தொடங்கியது. கழி வில்லாய் வளைந்தது, ஆனால் ஒடியவில்லை. நல்லமுத்து இழுக்காமல் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்துச் சுற்றினான். அவன் பயந்தபடியே மீன் கொடிக்குள் புகுந்து நின்றுகொண்டது. கொளஞ்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி மார்பளவு தண்ணீரில் இறங்கி, கொடியை விலக்கி விலக்கி, கடைசியில் மீனைத் தழுவிக்கொண்டு கரையேறினான். முழங்கை நீளத்துக் கறுத்த விரால். தவளைக்கு ஒரு கால் போயிருந்தது.

மத்தியானம் ஆதிலட்சுமி புளி கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நல்லமுத்து வாசலில் உட்கார்ந்து, பார்க்காதவன்போல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே சோற்றுக் கும்பாவில் கை படும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சோறு விழும் சத்தம். ஆதிலட்சுமி வெளியே வந்து இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் இந்த முறை முகம் மலர்ந்திருந்தது.

அடுத்த வாரம் தங்கம்மாளின் கோயிலில் முழு மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். இன்ஜினியருக்குக் கொடுத்த ரசம் சோறு எப்படியெல்லாமோ சுற்றி இந்த வீட்டுக் கும்பாவுக்கே வந்து சேர்ந்ததை எண்ணி, கொளஞ்சியப்பர் இருக்கும் திசையைப் பார்த்தான்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது. விரால் கேட்ட அன்றைக்கு இருந்ததை விட அதில் தெம்பு இருந்தது.

"ஏ கோழி, வர்ற ஞாயித்துக்கெழமயும் ஏரிக்குப் போவாங்களான்னு கேளு."

கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. நல்லமுத்து அதை மரியாதையாகப் பார்த்தான்.

"போவாங்கன்னு சொல்லு," என்றான்.