கேட்க ஆளில்லாத அலாரம்

மலேசியாவின் கூலிம் நகரில் ஒரு மருந்துக்கடை மேசைமேல், உடம்பில் சீனியை அளக்கும் சென்சர் பெட்டிகள் இரண்டு இருந்தன. சுகுமாரன் புதிய ரகப் பெட்டியைக் கையில் எடுத்து, மனைவி தேவகிக்கு விளக்கத் தொடங்கினார்.

"தோலுக்குக் கீழ தலமுடிய விட மெல்லிசா ஒரு கம்பி போவுது. ரத்தத்துல இல்ல, சதைக்கு நடுவுல இருக்கிற தண்ணியில சீனியப் பாக்குது. சீனி பட்டா கம்பியில துளி மின்சாரம் ஓடும், அதத்தான் நம்பரா மாத்துது. நம்ம பழசும் அதே மாதிரிதான். ஆனா நீ ரீடர் மெஷினக் கிட்டக் கொண்டுபோய் வச்சாத்தான் அது சொல்லும். இது தானாவே சொல்லும். சீனி எறங்கினா உன் போனு, என் போனு ரெண்டும் கத்தும்."

"யப்பா, கம்பெனிக்காரனே இவ்ளோ பேசமாட்டான்," என்றாள் தேவகி. கடைக்காரப் பெண் ஷீலா சிரித்துவிட்டாள்.

தேவகிக்குப் பதினான்கு வயதிலிருந்து இனிப்புநீர் என்கிற நீரிழிவு, அன்றிலிருந்து இன்சுலின் ஊசி. முன்பெல்லாம் சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். இத்தனை வருடத்தில் உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுக்க மறந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை சுகுமாரன் வேலை முடிந்து வந்தபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். ஆம்புலன்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாள். அதனால்தான் விலை கூடினாலும் புதியதற்கே மாறிவிடலாம் என்று வந்திருந்தார்.

ஷீலா பழைய ரீடரைக் கணினியில் செருகிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒம்பது நாளா ஒண்ணுமே பதிவாகலயே. இந்த சென்சர் பதினாலு நாளுதான் ஓடும். முடிஞ்சு போச்சுலா."

தேவகியின் கையில் சென்சரின் அந்த வெள்ளை வட்டம் அப்படியே இருந்தது. ஓரம் பெயர்கிறது என்று அவள் சொன்னபோது பிளாஸ்திரி ஒட்டிவிட்டதே அவர்தான். வேலை இடைவேளை ஒவ்வொன்றிலும் போன் செய்து "எவ்ளோ?" என்று கேட்பார். "ஆறு புள்ளி ரெண்டு" என்று பயமில்லாத அளவாகவே சொல்வாள். விழுந்த அன்று காலையிலும் அப்படித்தான் சொன்னாள்.

காரில் ஏறிய பிறகும் அவர் சாவியைத் திருப்பவில்லை.

"ஏன் தேவகி?"

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னா மறுபடி ஓவர்டைம் போவீங்க. ஒரு பெட்டிக்கு உங்க லீவு நாளு ரெண்டு போவுது. என்னப் பாத்துக்க ஒரு மெஷினு. அத வாங்கிப் போடுறதுக்கு நீங்க வீட்டுலயே இல்ல."

"அதுக்குப் பொய் நம்பரா? செத்துப் போயிருப்படி."

"தெரியும்." அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி, புதுசு வாங்குறீங்க. அது கத்துறப்ப உங்க போன் எங்க இருக்கும்?"

சுகுமாரன் வேலை செய்வது செமிகண்டக்டர் தொழிற்சாலையில். அங்கே சில்லு செய்யும் அறைக்குள் தூசியும் ஆகாது, போனும் ஆகாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், இடைவேளை தவிர, அது லாக்கருக்குள் பூட்டித்தான் கிடக்கும். கம்பியிலிருந்து போன் வரைக்கும் அத்தனையும் விளக்கத் தெரிந்தவர், போனிலிருந்து தன் காது வரைக்கும் உள்ள தூரத்தை யோசிக்கவே இல்லை.

மறுநாள் மேலாளரிடம் கேட்டார். கிடங்குக்கு மாறலாம், அங்கே போன் வைத்துக்கொள்ளலாம். பகல் வேலை மட்டும். ஷிப்டுக்கான கூடுதல் படி கிடையாது, ஓவர்டைம் கிடையாது. அந்தச் சம்பளத்தில் பழைய சென்சரைக்கூடத் தொடர்ந்து வாங்க முடியாது.

"வீட்டுக்கு வந்துடுங்க," என்றாள் தேவகி.

மாறிவிட்டார். விரலில் குத்தி, சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்துச் சீனி பார்க்கும் முறைக்குத் திரும்பினார்கள். ஸ்ட்ரிப் அந்த நொடியின் எண்ணை மட்டும் காட்டும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்லாது.

விடுமுறை நாள் மதியங்களில் தேவகி சோபாவில் கண்ணயர்ந்தால் சுகுமாரன் எதிரே உட்கார்ந்திருப்பார். தூக்கமா மயக்கமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை. கொஞ்சம் பொறுப்பார். பிறகு தோளைப் பிடித்து உலுக்குவார்.

"சும்மா தூங்கிட்டுத்தாங்க இருந்தேன்," என்று முனகியபடியே அவள் கையை நீட்டுவாள். பத்து விரலிலும் இன்னும் குத்தாத இடம் தேடிக்கொண்டு அவர் வெகுநேரம் குனிந்திருப்பார்.